யோசிக்க 45 நாள் இருந்தது

அப்பனோ அப்பாருவோ விட்டுப்போன துப்பாக்கியை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது எங்கே உட்கார்ந்திருப்பீர்கள் என்று தெரியும். கருமாதி முடிந்திருக்கும். பந்தல்கால் பிடுங்கிய குழிகள் வாசலில் இன்னும் மூடப்படாமல் கிடக்கும். பீரோவைத் திறந்து பத்திரம், பாஸ்புக், எல்.ஐ.சி. காகிதம் என்று தனித்தனியாக அடுக்கிக்கொண்டு வரும்போது அடித்தட்டில் அந்த லைசென்ஸ் புத்தகம் கையில் தட்டுப்படும். அதைப் பார்த்ததும் ஒரு மாமா, "மொதல்ல அதக் கொண்டுபோயி ஸ்டேசன்ல ஒப்படைச்சுப்போடுங்க, வம்பு" என்பார். இன்னொரு மாமா குரலைத் தணித்து, "நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்கறாருங்க, நல்ல வெலை குடுப்பாரு" என்பார்.

முதல் மாமா சொல்வது சட்டம். இந்த மடல் இரண்டாவது மாமாவைப் பற்றியது.

எனக்கு 68 வயது. ஆனைமலை அடிவாரத்தில் தென்னந்தோப்பு, தோப்புக்குள்ளேயே சாளை வீடு. வாழ்நாளில் வாங்கியதைவிட விற்றதுதான் அதிகம். விற்றது எதற்கும் கண் கலங்கியதில்லை என்று நெடுநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

விற்பதில் எனக்குக் குரு என் அம்மாதான். எழுபதுகளில் எவர்சில்வர்க்காரர் சைக்கிளில் வருவார். பித்தளை அண்டாவும் வெண்கல உருளியும் எடைக்குப் போகும். பதிலுக்குப் பளபளவென்று நாலு தூக்குப்போசி வரும். எடையில் ஏமாற்றினான் என்று அப்பா கத்துவார். அம்மா காதில் வாங்கமாட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. புளியும் சாம்பலும் போட்டு அந்த அண்டாவைத் தேய்த்தது அவள் கை. அது இன்று இருந்திருந்தால் நடுவாசலில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருப்போம். தேய்க்காதவனுக்குத்தான் பழம்பொருள் அழகாகத் தெரிகிறது.

அடுத்து என் எஸ்டி. மைசூரில் செய்த 250 சி.சி. வண்டி. இரண்டு பக்கமும் சைலன்சர், உதைத்துக் கிளப்புகிற கம்பியையே மடக்கினால் கியர் கம்பி. புதிதாக ஓட்டுகிறவன் முதல் நாள் அதில் முழிப்பான். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும், கொஞ்சம் கூடிப்போனால் ஊரே புகை. 1989-இல் அதைத் தள்ளிவிட்டு ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வாங்கினேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாத காலம் அது. 1996-இல் மைசூர்க் கம்பெனியே மூடிவிட்டது. அப்புறம் 2018-இல் அந்தக் கம்பெனியின் பழைய ஜாவா என்ற பேரும் 2022-இல் எஸ்டி என்ற பேரும் புது வண்டிகளின் மேல் ஏறித் திரும்பி வந்தன. பழையதே வேண்டுமென்றாலும் காசு இருந்தால் கிடைக்கும், பழுது பார்க்கிற ஆள்களும் இருக்கிறார்கள். ரோட்டில் அந்தப் படபடச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன். அவ்வளவுதான், சோறு இறங்காமல் போனதில்லை.

கல்யாணத்துக்கு மாமனார் கட்டிவிட்ட எச்.எம்.டி. ஜனதாவும் அதே கதை. தினமும் காலையில் சாவி கொடுக்கச் சோம்பல்பட்டு பேட்டரிக் கடிகாரத்துக்கு மாற்றிக்கொண்டேன். 2016-இல் மத்திய அரசு அந்தக் கடிகாரக் கம்பெனியை மூட முடிவெடுத்ததும் எல்லோருக்கும் திடீரென்று அதன்மேல் பாசம் பொங்கியது. பழைய எந்திரத்துக்குப் புது முகம் ஒட்டி விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

மாடு அப்படியில்லை. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். ஆறு மாதத்தில் அந்தச் சிவப்பு உதிர்ந்து மயிலையாகும். காளையாக வளர்ந்தால் திமிலும் கழுத்தும் கறுத்து நிற்கும். எங்கள் ஜோடி, கன்றில் பிடித்து வந்து நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்து வளர்த்தது. ஒன்று கொஞ்சம் முரடு. அம்மா தவிடு காட்டினால் மட்டும் பிள்ளை மாதிரி வரும். 1994-இல் டில்லர் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். வாங்க வந்தவர் பல் பார்த்தார், சுழி பார்த்தார், ஏரில் பூட்டி நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு தரகர் துண்டை விரித்து அதற்குள் கையை விட்டார். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள், வெளியில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலைப் பிடித்தவுடன் முகம் ஒருமுறை சுருங்கி விரிந்தது. முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றைப் போட்டுக்கொள்ள வேண்டும், நம் கயிறு நம் வீட்டுக்குத் திரும்பி வரும். அந்த இரண்டு கயிறும் இன்னும் மாட்டுச்சாளை ஆணியில் தொங்குகின்றன. மாடில்லாத மாட்டுச்சாளையில் இப்போது சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்களை அடுக்கி வைத்திருக்கிறோம். கயிறு மட்டும் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எதற்கு என்று மகன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் விற்கிறவன் தன் பங்குக்கு ஏதாவது ஒன்றைக் கையில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று யாரோ ஒரு பெரியவன் எப்போதோ யோசித்திருக்கிறான். அதைத் துப்பாக்கி விஷயத்தில் நான் மறந்துபோனேன்.

இனி அந்தத் துப்பாக்கி.

வெப்லி அண்டு ஸ்காட், பர்மிங்ஹாமில் செய்தது. பக்கம் பக்கமாக ரெட்டைக்குழல், பன்னிரண்டு போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாகப் பிடித்தால் ஓர் உருண்டை என்ன பருமனோ, அதுதான் குழலின் வாய் என்று அப்பாரு, அதாவது என் தாத்தா, விளக்கினார். பவுண்டுக்கு 453 கிராம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வகுத்துப் பார்த்து, "ஒரு உருண்டை 38 கிராம் பக்கம் வருமுங்க அப்பாரு" என்றேன். "பரவால்ல, படிக்கறான்" என்று பாட்டியிடம், எங்கள் பேச்சில் ஆத்தாவிடம், சொன்னார். அவர் வாயால் நான் வாங்கிய ஒரே பாராட்டு. வலது குழலில் சிதறல் அகலம், கிட்டத்துக்கு. இடது குழலின் நுனி சற்று ஒடுக்கம், அதைச் சோக் என்பார்கள், தூரத்துக்கு. ஒரே விரலை இரண்டு விசைக்கும் மாற்றிப் பழக வேண்டும்.

1948-இல் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது அப்பாருவிடம் விற்றுவிட்டுப் போனது அது. அப்போது இருந்தது 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். வெள்ளைக்காரன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டதை நம் ஆள் வைத்துக்கொள்ள ஆயிரம் சலாம் போட வேண்டும். எத்தனை சலாம் போட்டார் என்று அவர் சொன்னதில்லை. வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவும் பத்திரமாக இறங்கி வந்த துப்பாக்கி, ஊருக்குள் வந்தபின் வண்டி குடைசாய்ந்து கட்டையில் விரிசல் விட்டுக்கொண்டது. கைப்பிடிக் கழுத்துக்குப் பின்னால், இடது பக்கம். ஊர் ஆசாரி பித்தளைத் தகடு ஒன்றைப் பதித்து இரண்டு திருகாணி போட்டு இறுக்கினார். ஒரே அளவில் இரண்டு திருகாணி அவரிடம் இல்லை. ஒன்று சின்னது, ஒன்று பெரிது. சின்ன வயதில் அந்தப் பெரிய திருகாணியின் தலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மடலின் கடைசியில் வேண்டியிருக்கும்.

அப்பாரு காட்டுக்கோழியும் முயலும் சுட்டிருக்கிறார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் எங்கள் வீட்டில் அது ஒரு உயிரையும் எடுத்ததில்லை. நிலக்கடலை போட்ட காலத்தில் பரண்மேல் இருந்து பன்றிக்கூட்டத்தின் சலசலப்புக் கேட்டால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. தோட்டா விலைக்கு அதற்குமேல் கட்டுப்படியாகாது. ஆயுத பூஜையன்று கலப்பைக் கொழு, மண்வெட்டி, அரிவாள் வரிசையில் அதுவும் படுத்திருக்கும். ஆத்தா சந்தனம் வைத்துவிட்டு, "இதுக்கெதுக்குப் பொட்டு, எருமைக்கு வெச்சாலும் பாலாச்சும் குடுக்கும்" என்று வருஷா வருஷம் ஒரே சொல்லைச் சொல்லுவாள்.

மற்றபடி அது வேலை வாங்குகிற சாமான். அப்போதெல்லாம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. செலான் கட்டு, வி.ஏ.ஓ.வைப் பார், தாசில்தாரைப் பார், ஸ்டேசனில் நின்று கையெழுத்து வாங்கு. தேர்தல் அறிவித்தால் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், ஓட்டு எண்ணி முடித்தபின் போய் மீட்டுவர வேண்டும். ஒரு தேர்தலுக்குப் போய்த் திரும்பியபோது குழலுக்குள் துரு பூத்திருந்தது. அப்பா மூன்று நாள் பித்தளைப் பிரஷ்ஷைக் கோலில் மாட்டி, எண்ணெய் நனைத்து, இழுத்துக்கொண்டே இருந்தார். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இருந்தார். கட்சிகளை, அதிகாரிகளை, ஓட்டுப் போடுகிற எங்களை. குடகுக்காரர்களைப் பார் என்பார். குடகர்களுக்கு அந்த மண்ணில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசு அதை மேலும் பத்து வருஷத்துக்கு, 2029 வரை நீட்டித்தது. அந்தச் செய்தியைப் படிக்க அப்பா இல்லை. இருந்திருந்தால் இன்னொரு பொழுது திட்டியிருப்பார்.

அவர் 1999-இல் போனார். அலைந்து திரிந்து என் பேருக்கு லைசென்ஸ் மாற்றினேன். நாலே வருஷத்தில் விற்றேன்.

2002-உம் 2003-உம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. மழை பொய்த்தது. தென்னைக்கு ஏற்கெனவே ஈரியோபைட் சிலந்தி வந்து காய் சொறி பிடித்துக் கிடந்தது. அதற்குமேல் தண்ணீரும் இல்லையென்றால் மரம் என்ன செய்யும்? மட்டை தொங்கி, குருத்து காய்ந்து, தோப்பே குடை மடக்கியதுபோல் நின்றது. அப்பா வைத்த மரங்கள். இருந்த போர்வெல்லில் காலை அரைமணி நேரம் காற்றும் தண்ணீருமாக வரும். இன்னொரு போர் போட்டால் பிழைக்கலாம் என்று தோன்றியது. அந்த நேரத்தில்தான் நான் மேலே சொன்ன இரண்டாவது மாமா எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

வாங்க வந்தவர் வசதியானவர், மரியாதை தெரிந்தவர். ஏமாற்றவில்லை, அடித்துப் பேசவில்லை. அறுபதாயிரம் என்றார். துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழல்களை வானத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். அடிப்பக்கத்தில் பொறித்திருந்த பர்மிங்ஹாம் முத்திரைகளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். பித்தளைத் தகட்டைப் பார்த்துச் சிரித்தார். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, துப்பாக்கியின் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். பக்கத்தில்தான் நின்றேன். என் காதில் விழுந்த அந்த எண் எந்த இடத்திலும் தங்கவில்லை. அடிக்கு என்ன கூலி, கேசிங் பைப் எத்தனை அடி இறங்கும் என்று என் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இங்கேதான் ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர் இன்னொருவருக்குத் துப்பாக்கியை இன்று பேசி நாளை கொடுத்துவிட முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தபின் குறைந்தது 45 நாள் கழிய வேண்டும். அதற்குப் பிறகுதான் கைமாற்றம். வாங்குகிறவன் யோக்கியன்தானா என்று அரசாங்கம் பார்த்துக்கொள்ள வைத்த இடைவெளி அது. விற்கிறவனுக்கும் அது இடைவெளிதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. எஸ்டியை விற்றபோது அரைமணி நேரத்தில் சாவி கைமாறியது. மாட்டுக்குத் துண்டு விரித்து மூடுகிற நேரம். துப்பாக்கிக்கு மட்டும் 45 நாள் எனக்குக் கிடைத்தது. ஒரு நாள் காலை எழுந்து, வேண்டாம், விற்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் முடிந்தது.

அந்த 45 நாளில் என்ன செய்தேன்? நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தேன். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துத் தோப்புக்குள் நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கே கல் நட்டோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி எப்போது வரும் என்று ஏஜெண்டிடம் நாலு தரம் போனேன். இந்தியாவில் எங்கே பூமியைத் துளைத்தாலும் அங்கே ஒரு திருச்செங்கோட்டு வண்டி நிற்கும் என்பார்கள், நம் தோட்டத்துக்கு மட்டும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. மனைவி ஒரே ஒரு தரம், "அத விக்கோணுமாங்க?" என்று கேட்டாள். "தண்ணி வந்தாப் போதும்" என்றேன். துப்பாக்கியை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுக்கக்கூட இல்லை. ஐம்பத்தோராம் நாள் கார் வந்தது.

துப்பாக்கி வைத்திருந்த தோல் பெட்டி இற்றுப்போயிருந்ததால் அது வேண்டாமென்று சொல்லிவிட்டு, துப்பாக்கியை மட்டும் புதுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

ரிக் வண்டி ராத்திரி வந்தது. விடிய விடிய இரைச்சல். 200 அடியில் கொஞ்சம் ஈரம், அப்புறம் கருங்கல். 500-இல் நிறுத்தலாமா என்று கேட்டார்கள். போடுங்கள் என்றேன். 750 அடி. குழியிலிருந்து வெள்ளைப் புழுதிதான் வந்தது. காலை வெயிலில் தென்னை மட்டையெல்லாம் மாவு தூவியதுபோல் நின்றது. கணக்குத் தீர்த்து அனுப்பினேன். அம்மா அந்தப் புழுதிக்குள் வந்து நின்று, "போச்சாது போ கண்ணு, வா, சோறு உங்கு" என்றாள். அண்டாவை விற்றவள் அவள். அவளுக்குத்தான் அப்படிச் சொல்லத் தெரியும்.

அன்று வருத்தம் போருக்குத்தான். துப்பாக்கிக்கான வருத்தம் ஏழெட்டு வருஷம் கழித்து, காரணமே இல்லாமல் ஒரு ஆயுத பூஜையன்று, வரிசையில் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் நடுவே கை தானாக இடம் விட்டபோது வந்தது.

திரும்ப வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் கதவுகள் எவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கின்றன என்று தெரிந்தது. எண்பதுகளின் நடுவிலேயே தனியாள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதை அரசு நிறுத்திவிட்டது, போட்டியில் சுடுகிறவர்களுக்குத்தான் விலக்கு. ஆகவே பழைய பர்மிங்ஹாம் துப்பாக்கி நாட்டுக்குள் இருக்கிறவைதான், புதிதாக ஒன்றும் வராது. அதனால் விலை நான் விற்றதுபோல் பல மடங்கு. விலையை விடுங்கள். லைசென்ஸ் என் கையைவிட்டுப் போனபின் புதிதாக ஒன்று வாங்க, எதற்கு வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? அப்பாருவின் திருகாணி என்றா?

2021-இல் வெட்கத்தை விட்டு அந்த வாங்கியவர் வீட்டுக்கே போனேன். பெரியவர் காலமாகியிருந்தார். மகன் காபி கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார். 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள் அல்லவா, அதுவரை ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். கூடுதலாக இருப்பதை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். பெரியவரிடம் மூன்று இருந்தன. எதைக் கழிப்பது என்று வந்தபோது, தகடு அடித்த பழைய ரெட்டைக்குழலைக் கழித்தார்களாம். ஒரு வியாபாரி மூலமாக வேறு மாநிலத்துக்குப் போய்விட்டதாக நினைவு என்றார். நோட்டு? அப்பாவின் சாமான்களையெல்லாம் ஒதுக்கியபோது போயிருக்கும் என்றார். நான் ஒப்படைத்த என் பழைய லைசென்ஸின் நகல் கிடைக்குமா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். அந்த வருஷத்துக் கோப்புகள் கழித்தாகிவிட்டன என்றார்கள்.

எண் இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனிகள் பலவும் பழைய பேரேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் எந்த வருஷம் செய்தது, யாருக்கு அனுப்பியது என்று சொல்லக்கூடும். ஜிம் கார்பெட்டின் துப்பாக்கிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக அவருக்குப் பரிசாகக் கொடுத்த .275 ரிக்பி அது. கட்டையில் அந்த விவரம் பொறித்த வெள்ளித் தகடு உண்டு. கார்பெட் 1947-இல் கென்யாவுக்குப் போய், 1955-இல் அங்கேயே இறந்தார். துப்பாக்கி அவர் புத்தகங்களைப் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்திடம் இருந்து, கடைசியில் அதைச் செய்த ரிக்பி கம்பெனிக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தது. அவர் புலி சுட்டவர், நாங்கள் வானத்தைச் சுட்டவர்கள், ஒப்பில்லைதான். ஆனால் அந்த வெள்ளித் தகடு இல்லையென்றால் அதுவும் கை மாறிக் கை மாறி ஏதோ ஒரு கடையின் ஏதோ ஒரு ரைபிளாக நின்றிருக்கும். எங்கள் பித்தளைத் தகட்டில் ஒன்றும் எழுதவில்லை.

ஆகவே உங்களுக்கு. முதல் மாமா சொன்னதை இன்றே செய்யுங்கள். லைசென்ஸ் அவர் பேரில், அவர் இல்லை, நீங்கள் வைத்திருப்பது குற்றம். காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஒப்படைத்துவிட்டோம் என்று மறந்தும் இருந்துவிடாதீர்கள், குறித்த காலத்துக்குள் ஏற்பாடு செய்யாவிட்டால் அரசுடைமையாகிவிடும். விண்ணப்பித்து வாரிசு பேருக்கு லைசென்ஸ் வாங்க வழி இருக்கிறது. அப்பா உயிரோடு இருந்தால் இன்னும் நல்லது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அவருக்கு 70 வயதாகியிருந்தாலோ, 25 வருஷம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, இப்போதே ஒரு வாரிசைக் குறிப்பிட்டுக் கொடுக்கலாம். திண்ணையில் இருக்கும்போதே கேளுங்கள். கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

எல்லாத் துப்பாக்கியையும் கட்டிக் காப்பாற்றச் சொல்ல நான் வரவில்லை. வீட்டில் குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவன் ஒருவன் இருந்தால், வரப்புத் தகராறு புகைந்துகொண்டிருந்தால், மனசு சரியில்லாத பிள்ளை ஒன்று இருந்தால் யோசிக்கவே யோசிக்காதீர்கள், அனுப்பிவிடுங்கள். அதற்கு வருத்தப்பட்டவனை நான் பார்த்ததில்லை. வைத்துக்கொள்கிறவர்கள் பழசில் புதுத் தோட்டாவைப் போட்டுப் பார்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பன்னிரண்டு போர்கள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம்தான், இன்றைய தோட்டாக்களில் 70 மி.மீ. நீளத்தவை உண்டு. உள்ளே நுழையும், ஆனால் வெடித்து விரிய இடமிருக்காது. தெரிந்த ஆளிடம் காட்டாமல் கை வைக்க வேண்டாம்.

விற்பதென்றே முடிவானால், அந்த 45 நாளில் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து எழுதுங்கள். எண், குழலடியில் இருக்கும் முத்திரைகள், எங்கே வாங்கினார், யார் கொடுத்தது, எந்த வருஷம் துருப்பிடித்தது, யார் திட்டினார். அம்மா இருந்தால் அவளைக் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். ஒரு பிரதி வாங்குகிறவரிடம் கொடுங்கள், ஒரு பிரதி பத்திரத்தோடு வையுங்கள்.

இப்போது நான் இந்த மடல் எழுதிய காரணம். உங்களில் யாராவது ஒருவர் வீட்டுப் பீரோவில், கைப்பிடிக் கழுத்துக்குப் பின்னால் இடது பக்கம் பித்தளைத் தகடு பதித்த வெப்லி அண்டு ஸ்காட் ரெட்டைக்குழல் இருக்கலாம். தகட்டில் இரண்டு திருகாணி, ஒன்று சின்னது, ஒன்று பெரிது. பெரியதன் தலை தேய்ந்து வழுவழுவென்றிருக்கும். தேய்த்தவன் நான்தான். விலைக்குக் கேட்கமாட்டேன், என்னிடம் லைசென்ஸும் இல்லை. பார்க்க வரவும் மாட்டேன், பயப்பட வேண்டாம். குழல் அடியில் இருக்கும் எண்ணை மட்டும் ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். தோல் பெட்டி இன்னும் இங்கேதான் இருக்கிறது. மூடியின் உள்பக்கம் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆனைமலை அடிவாரத்துச் சாளையிலிருந்து
ஒரு தென்னை விவசாயி